பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பின்னர் தடுமாறும் நகரத்துப் பிள்ளைகளை முன்கூட்டியே தயார்ப்படுத்துவது எப்படி?

கேள்வி: வாவிக்கரை ஆசிரியை, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு நகரில் உயர்தர வகுப்புகளுக்குக் கற்பித்து வருகிறேன். பாடசாலை முடிந்த பின்னர், நாவலடி, திராய்மடு, இருதயபுரம் முதலிய இடங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்காகச் சில நண்பர்களுடன் சேர்ந்து கட்டணமில்லாத மாலை வகுப்பொன்றையும் நடத்துகிறோம். இவர்களில் பலருடைய தந்தையர் வாவியில் மீன் பிடிப்பவர்கள் அல்லது மேசன் வேலைக்குப் போகின்றவர்கள். சிலருடைய தாய்மார் மத்திய கிழக்கில் வீட்டுப் பணிப்பெண்களாக இருப்பதால் பிள்ளைகளை அம்மம்மாவே பார்த்துக்கொள்கிறார். குடும்பத்தில் இதற்கு முன்னர் எவரும் பல்கலைக்கழகம் சென்றதில்லை என்பது அவர்கள் எல்லோருக்கும் பொதுவானது.

நகரத்தில் வாழ்வதால் இவர்களுக்கு வசதி அதிகம் என்று வெளியில் உள்ளவர்கள் எண்ணுவதுண்டு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத அனுமதி நாடளாவிய திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன என்பதையும், மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16 மாவட்டங்களுக்குள் அடங்குகின்றன என்பதையும் இங்கு பலர் அறிவீர்கள். ஆனால் அந்த ஒதுக்கீட்டுக்கு மாவட்டம் மட்டுமே தெரியும், ஒழுங்கையும் வீடும் தெரியாது. ஒற்றை அறை வீட்டில் தம்பி தங்கைகள் உறங்கிய பின்னரே புத்தகத்தைத் திறக்கக்கூடிய பிள்ளையும், மூன்று பாடங்களுக்கும் தனித்தனியாக ரியூசன் போகும் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கே போட்டியிடுகிறார்கள். அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகளில் சிலர் ஒவ்வோர் ஆண்டும் தெரிவாகிவிடுகிறார்கள்.

என்னுடைய கவலை அதற்குப் பின்னர் நடப்பதைப் பற்றியது. தெரிவான பிள்ளைகளில் சிலர் முதலாம் ஆண்டிலேயே பாடங்களில் தவறி மீண்டும் மீண்டும் தோற்றுகிறார்கள். உயர்தரத்தில் மிக நல்ல பெறுபேறு பெற்ற ஒரு மாணவன் முதலாம் செமஸ்டரின் நடுவில் வீட்டுக்குத் திரும்பி வந்து, இப்போது ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறான். ஏன் வந்தாய் என்று கேட்டால், "அங்கே எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை" என்பதற்கு மேல் அவன் எதுவும் சொல்வதில்லை. கெட்டிக்காரன், உழைப்பாளி, அவனுக்கே இப்படி நடந்தது என்பதுதான் என்னை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது.

உயர்தரத்தின் இரண்டு ஆண்டுகளிலும், பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் வரும் நீண்ட காத்திருப்புக் காலத்திலும், நாங்கள் எதைச் செய்தால் இது குறையும்? ஊக்கவுரைகள் நிறைய நடத்திப் பார்த்துவிட்டோம். அவற்றால் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. ஆங்கிலம் மட்டும்தான் பிரச்சினை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பல்கலைக்கழகங்களில் கற்பிப்பவர்களும் அங்கே படித்து மீண்டவர்களும் தங்கள் அனுபவத்திலிருந்து விடை தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: முதலாம் ஆண்டு விரிவுரையாளர்

வணக்கம் ஆசிரியை. கிழக்கு மாகாணத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருபவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் மாணவன் சொன்ன இரண்டு வசனங்களும் மிகச் சரியானவை. எனக்கு விளங்கவில்லை என்று வந்து நிற்கும் மாணவனைக் காப்பாற்ற எங்களிடம் வழிகள் உண்டு. வராமலே இருந்துவிடும் மாணவனைப் பரீட்சைப் பெறுபேறு வந்த பின்னர்தான் நாங்கள் காண்கிறோம்.

முதலில், வேலைப்பளுவின் அளவை அவர்களுக்கு இலக்கங்களில் காட்டுங்கள். நமது பல்கலைக்கழகங்களில் ஓர் ஆண்டுக்குரிய பாடச்சுமை 30 திறமைப் புள்ளிகள் (கிரெடிட்). ஒரு புள்ளிக்கு 50 மணித்தியாலக் கற்றல் என்று தேசிய தகைமைச் சட்டகம் கணக்கிடுகிறது. அவ்வாறாயின் ஆண்டுக்கு 1500 மணித்தியாலங்கள்; இரண்டு செமஸ்டர்களின் ஏறத்தாழ 30 வாரங்களுக்கும் பகிர்ந்தால் வாரத்துக்கு ஏறத்தாழ 50 மணித்தியாலங்கள். அதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது ஒரு பகுதி மட்டுமே. உயர்தரத்தில் நேரசூசியைப் பாடசாலையும் ரியூசனும் நிரப்பிக்கொடுத்தன. இங்கே செவ்வாய்க்கிழமை பிற்பகல் வெறுமையாக இருந்தால் அது ஓய்வு என்று பிள்ளை எண்ணிவிடுகிறது. பெற்றோர் படித்த வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பிற்பகல் நூலகத்துக்கு உரியது என்று வீட்டிலேயே எவராவது சொல்லியிருப்பார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள்தான்.

இரண்டாவதாக, குறிப்பு எழுதும் பழக்கம். நாங்கள் யாரும் "எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி வசனம் வசனமாக வாசிப்பதில்லை. உயர்தரத்தில் நோட்ஸ் சொல்லிக்கொடுத்து, கடந்தகால வினாத்தாள்களைச் செய்வித்து, புள்ளித்திட்டத்துக்கு ஏற்ற விடையைப் பழக்குவது தவிர்க்க முடியாதது என்பதை நான் ஏற்கிறேன். பல்கலைக்கழகத் தெரிவைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி அப்படித்தான் வருகிறது. ஆனால் வாரத்தில் ஒரு நாளையாவது நோட்ஸ் இல்லாத நாளாக வைத்துக்கொள்ளுங்கள். அன்று நீங்கள் பேசுங்கள், அவர்கள் கேட்டுத் தாங்களே குறிப்பெடுக்கட்டும். அடுத்த வாரம் அந்தக் குறிப்பிலிருந்து அவர்களுக்கு எழுந்த கேள்விகளோடு வரட்டும். கேள்வி இல்லாமல் வந்தால் வகுப்புத் தொடங்காது என்று ஒரு கட்டாயத்தையும் வைத்துவிடுங்கள். கேள்வி கேட்பது வெட்கத்துக்குரியது என்ற எண்ணம் பன்னிரண்டாம் தரத்தில் போகாவிட்டால் பல்கலைக்கழகத்தில் போவது மிகக் கடினம்.

ஆங்கிலத்தைப் பற்றி உங்கள் ஐயம் நியாயமானது. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் போன்றவை ஆங்கில மொழிமூலம் நடப்பதால் அதை ஒதுக்கிவிட முடியாது. உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேர்வதில்லை. ஆகவே பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். அதற்காக இலக்கண வகுப்பைப் புதிதாகத் தொடங்குவதைவிடப் பயனுள்ள ஒரு வழி இருக்கிறது. உயர்தர வினாத்தாள்கள் மூன்று மொழிகளிலும் வெளிவருகின்றன. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களும் பல பாடங்களுக்கு ஆங்கிலத்தில் உள்ளன. பிள்ளை ஏற்கெனவே தமிழில் செய்து முடித்த அதே வினாத்தாளின் ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். பொருள் முன்னரே தெரிந்திருப்பதால் அகராதியின் தேவை குறைவு, பயமும் குறைவு. உயர்தரம் முடிந்து காத்திருக்கும் மாதங்களில் நாள்தோறும் ஒரு மணித்தியாலம் இதைச் செய்த மாணவர்களை நான் முதல் வாரத்திலேயே அடையாளம் கண்டுகொள்கிறேன்.

பதில்: ஒரு முன்னாள் மாணவி, கல்லடி

வணக்கம் ரீச்சர். நானும் உங்கள் பிள்ளைகளைப் போன்ற ஒரு வீட்டிலிருந்து போனவள்தான். தெற்கில் உள்ள ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. பட்டம் பெற்று இப்போது மட்டக்களப்பிலேயே வேலை செய்கிறேன். விரிவுரையாளர் ஐயா படிப்பைப் பற்றிச் சொல்லிவிட்டார். பணத்தைப் பற்றி எவரும் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுவதில்லை என்பதால் அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கல்வி இலவசம் என்று கேட்டு வளர்ந்த பெற்றோர், பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டால் செலவு இல்லை என்று நம்புகிறார்கள். மஹாபொல புலமைப்பரிசில் வரும் என்ற நம்பிக்கையும் இருக்கும். மஹாபொல 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதத்துக்கு 5000 ரூபாவிலிருந்து 7500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகை பேருதவிதான். ஆனால் விண்ணப்பம், தெரிவு எல்லாம் முடிந்த பின்னரே முதல் தவணை கைக்கு வரும். அதற்கு முந்திய மாதங்களில்தான் விடுதிக்கான பொருட்கள், பேருந்துக் கட்டணம், போட்டோகொப்பி, ஆய்வுகூட அங்கி, கணினி என்று எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். அம்மாவின் நகை அடைவுக்குப் போவதும் அப்போதுதான். அந்த வட்டியைக் கட்டுவதற்காகப் பிள்ளை வார இறுதியில் வேலைக்குப் போகத் தொடங்கி, பிறகு வார நாட்களிலும் போய், வகுப்பு வரவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கிப் பரீட்சை எழுத முடியாமற்போன கதைகளை நான் விடுதியில் நேரில் கண்டிருக்கிறேன்.

ஆகவே உயர்தரம் எழுதி முடித்த கையோடு ஒவ்வொரு குடும்பத்தையும் தனித்தனியாக அழைத்து, முதல் ஆறு மாதங்களுக்கு என்னென்ன செலவு வரும் என்று ஒரு தாளில் எழுதிக்காட்டுங்கள். காத்திருக்கும் காலத்தில் பிள்ளை வேலைக்குப் போனால் தடுக்க வேண்டாம். சம்பளத்தில் ஒரு பகுதியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். உங்கள் மாலை வகுப்புக்கு உதவும் வெளிநாட்டு உறவுகள் இருந்தால், பாராட்டு விழாவுக்கும் கேடயத்துக்கும் கொடுக்கும் பணத்தை இந்த முதல் ஆறு மாதங்களுக்கு வட்டியில்லாக் கைமாற்றாகக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்ட பிள்ளை அடுத்த மாதம் பேருந்துக் காசுக்குக் கடன் கேட்டுத் திரிவதைப் பார்க்க மிகவும் வேதனையாக இருக்கும்.

பத்திரங்களையும் கவனியுங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை எந்த ஒழுங்கில் நிரல்படுத்துகிறோமோ அதுதான் பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது. அதைப் பல பிள்ளைகள் ஒரு கணினிக் கடையில், கடைக்காரரின் அவசரத்தில் நிரப்பிவிடுகிறார்கள். பதிவுக்கான இறுதித் திகதியும் தவறவிடக் கூடாதது. கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், வருமானச் சான்று, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றை முன்னரே எடுத்து வைத்துவிட்டால் கடைசி வாரத்தில் பிரதேச செயலகத்துக்கும் வீட்டுக்குமாக ஓட வேண்டியதில்லை.

கொஞ்சம் சிங்களமும் கற்றுக்கொடுங்கள் ரீச்சர். மட்டக்களப்பை விட்டு வெளியே போகும் பிள்ளைக்கு விடுதி அலுவலகத்தில், மருந்தகத்தில், பேருந்தில் அது அன்றாடம் தேவைப்படுகிறது. நண்பர்கள் கிடைப்பதும் அதனால்தான். பகிடிவதை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும், முறைப்பாடு செய்தால் படிப்புப் போய்விடாது என்பதையும் போகும் முன்னரே பெற்றோர் இருக்கும் இடத்தில் வைத்துச் சொல்லிவிடுங்கள்.

பதில்: கணித ஆசிரியர், சம்மாந்துறை

வணக்கம் ஆசிரியை. மேலே எழுதிய இருவருடைய கருத்துகளையும் மதிக்கிறேன். எனினும் இவற்றையெல்லாம் செய்தும் பிள்ளைகள் தவறுவதற்கு ஒரு காரணம் எஞ்சியிருக்கிறது என்று நினைக்கிறேன். அதை விளக்க அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும்.

1970களில் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணிதவியலாளர், நுண்கணிதப் பாடத்தில் கறுப்பின மாணவர்கள் ஏன் பெருமளவில் தவறுகிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார். ஊக்கம் இல்லை, அடிப்படை போதாது, குடும்பத்தின் ஆதரவு இல்லை, வறுமை ஆகிய நான்கு காரணங்களையே ஆசிரியர்கள் சொன்னார்கள். அவர் விசாரித்துப் பார்த்தபோது எதுவும் பொருந்தவில்லை. நகரத்து ஏழைப் பாடசாலைகளிலிருந்து முதலிடம் பெற்று வந்த பிள்ளைகளும் அவர்களுள் இருந்தார்கள். பெற்றோரும் பல தியாகங்கள் செய்திருந்தார்கள். அதன் பின்னர் கறுப்பின மாணவர்கள் 20 பேரையும் சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேரையும் அவர்கள் படிக்கும் இடங்களுக்கே சென்று அவதானித்தார். கறுப்பின மாணவர்கள், ஒரு மணித்தியால வகுப்புக்கு இரண்டு மணித்தியாலம் படிக்க வேண்டும் என்ற அறிவுரையை அப்படியே பின்பற்றி, வாரத்துக்கு எட்டு மணித்தியாலம் அறைக்குள் தனியாக இருந்து படித்தார்கள். சீன மாணவர்கள் வாரத்துக்கு 14 மணித்தியாலம் வரை படித்தார்கள். அதில் ஒரு பகுதி குழுவாக அமர்ந்து ஒருவருடைய விடையை மற்றவர் சரிபார்ப்பதில் கழிந்தது. எல்லோருக்கும் ஒரு கணக்கு வரவில்லையென்றால் அது கடினமான கணக்கு என்று அவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவனோ தன்னால் முடியவில்லை என்றே எண்ணிக்கொண்டான்.

இதில் என்னை மிகவும் பாதித்த இடம் எதுவென்றால், தனித்திருந்து படிக்கும் பழக்கம்தான் அந்தப் பிள்ளைகளைத் தங்கள் பாடசாலைகளில் உயர்த்தியது என்று ட்ரைஸ்மன் கண்டுகொண்டார். சுற்றிலும் படிக்காத கூட்டம் இருக்கும்போது ஒதுங்கி இருந்தால்தான் படிக்கலாம். பல்கலைக்கழகத்தில் அதே பழக்கம் அவர்களை வீழ்த்தியது. புடவைக்கடையில் இருக்கும் உங்கள் மாணவனை நினைத்துப் பாருங்கள். தம்பி தங்கைகள் உறங்கிய பின் விளக்கடியில் ஒற்றையாக இருந்து படித்து வந்தவன், அங்கேயும் ஒற்றையாகவே இருந்திருப்பான். "யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை" என்று அவன் சொன்னதற்கு இதுதான் பொருளாக இருக்க வேண்டும்.

ட்ரைஸ்மன் இதற்காக ஏற்படுத்திய பயிலரங்கில் பின்தங்கியவர்களுக்கான இலகு கணக்குகள் கொடுக்கப்படவில்லை. திறமையாளர்களுக்கான வகுப்பு என்று சொல்லியே அவர் மாணவர்களை அழைத்தார். பாடத்தில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் குழுவாகச் செய்யவிட்டார். கலந்துகொண்டவர்களின் பெறுபேறுகள் கலந்துகொள்ளாதவர்களைவிடக் கணிசமாக உயர்ந்தன. இந்த ஒரு விடயத்தில்தான் விரிவுரையாளர் ஐயாவிடமிருந்து நான் சற்று வேறுபடுகிறேன். கேள்விகளை ஆசிரியரிடம் கொண்டுவரப் பழக்குவது நல்லது. அதற்கு முன்னர் ஒருவரிடம் ஒருவர் கேட்கப் பழக்க வேண்டும். ஆசிரியர் பல்கலைக்கழகத்துக்குக் கூடவே வரப்போவதில்லை. சக மாணவர்கள் எந்த விடுதியிலும் இருப்பார்கள்.

என் வகுப்பில் இதைச் செய்கிறேன். நான்கு பேருக்கு ஒரு தாள், ஒரு பேனா. விடையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் கரும்பலகையில் விளக்கப்போவது யார் என்பதை நான்தான் இறுதியில் சொல்வேன். ஆகவே விளங்காத பிள்ளைக்கு விளக்கும் பொறுப்பு மற்ற மூவருக்கும் வந்துவிடுகிறது. தொடக்கத்தில் சத்தம் அதிகம், பாடத்திட்டமும் மெதுவாகப் போகும். பெற்றோர் சிலர் வந்து, "சேர், பிள்ளைகள் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று முறையிட்டார்கள். இரண்டாம் தவணைக்குள் அந்த முறைப்பாடு நின்றுவிட்டது.

வாவிக்கரை ஆசிரியை மீண்டும் எழுதியது

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கணித ஆசிரியர் எழுதியதைப் படித்தபோது அந்த மாணவனின் முகம் கண்ணில் நின்றது. எங்கள் மாலை வகுப்பில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து, ஒருவர் கொப்பியை மற்றவர் பார்க்காதவாறு கையால் மறைத்துக்கொண்டே எழுதுகிறார்கள். அடுத்த வாரத்திலிருந்து அந்த ஒழுங்கை மாற்றப்போகிறேன்.

இன்னும் இரண்டு விடயங்களைக் கேட்க வேண்டியிருக்கிறது. அனுமதி கிடைத்த பின்னரும் பிள்ளைகளோடு நாங்கள் தொடர்பில் இருக்க வேண்டுமா, அல்லது அது அவர்களைத் தங்கள் காலில் நிற்கவிடாமல் செய்துவிடுமா? மற்றது, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுபோன பிள்ளைகளை என்ன செய்வது? தெரிவானவர்களைவிட அவர்களின் தொகைதான் எப்போதும் அதிகம்.

பதில்: முதலாம் ஆண்டு விரிவுரையாளர்

கணித ஆசிரியரின் திருத்தத்தை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன். ஆசிரியரிடம் கேட்கும் துணிவு, நண்பனிடம் கேட்டுப் பழகியவனுக்கே எளிதில் வருகிறது.

தொடர்பில் இருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், குறைந்த வருமானமுள்ள குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களுக்குப் பயணச் செலவும் பாடநூல்களும் கொடுத்ததோடு, குறைந்த தொகை மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்ற விதத்தில் நியமித்து அடிக்கடி சந்திக்கச் செய்தார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் பட்டம் முடித்தவர்களின் வீதம், திட்டத்தில் சேராத அதே போன்ற மாணவர்களிடையே 22 சதவீதமாக இருக்க, சேர்ந்தவர்களிடையே 40 சதவீதமாக இருந்தது. நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை. ஆனால் அடிக்கடி விசாரிக்கும் ஒருவர் இருப்பதற்குப் பெரிய செலவும் இல்லை. ஏற்கெனவே போய் இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இருக்கும் உங்கள் பழைய மாணவர்களில் ஒருவரை ஒவ்வொரு புதிய பிள்ளைக்கும் பொறுப்பாக்குங்கள். முதல் செமஸ்டரின் நான்காம் ஐந்தாம் வாரத்தில், அதாவது முதலாவது ஒப்படைக்குப் புள்ளி கிடைக்கும் நேரத்தில், அவர் கட்டாயம் தொலைபேசியில் பேச வேண்டும். படிப்பை விடும் எண்ணம் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான் முளைக்கிறது. கல்வி ஆலோசகர், மாணவர் ஆலோசகர் என்று ஒவ்வொரு பீடத்திலும் இருக்கிறார்கள். அவர்களின் அறை எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வதே புதிய பிள்ளைக்கு முதல் வாரத்தில் கொடுக்கக்கூடிய நல்ல வேலை.

பதில்: ஒரு முன்னாள் மாணவி, கல்லடி

வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளைகளைப் பற்றிக் கேட்டதற்கு நன்றி ரீச்சர். என் தங்கை அவர்களில் ஒருத்தி. மூன்று தடவை உயர்தரம் எழுதலாம் என்பதால் பல வீடுகளில் மூன்றாவது தடவை முடியும் வரைக்கும் வேறு எதையும் சிந்திப்பதில்லை. இரண்டாவது தடவைக்குப் படிக்கும்போதே உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவகத்தின் உயர் தேசிய டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கலாம். கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் போன்ற துறைகளுக்கான வகுப்புகள் மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் நடக்கின்றன. திறந்த பல்கலைக்கழகத்தின் நிலையமும் மட்டக்களப்பில் இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு அது ஏற்றது. என் தங்கை கணக்கியல் டிப்ளோமாவை முடித்துவிட்டு இன்று ஒரு நிறுவனத்தில் கணக்குப் பதிவாளராக இருக்கிறாள்.

ரீச்சர், புடவைக்கடையில் வேலை செய்யும் அந்தத் தம்பியின் பதிவு இன்னும் இரத்தாகாமல் இருக்கக்கூடும். பதிவாளர் கிளைக்குக் கடிதம் எழுதி, விட்ட இடத்திலிருந்து அடுத்த தொகுதியோடு சேர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவக் காரணமோ குடும்பக் காரணமோ இருந்தால் அதற்குரிய ஆவணங்களையும் இணைக்க வேண்டும். கடிதம் எழுத உதவி தேவையென்றால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள். என் விடுதித் தோழி ஒருத்தி இதே வழியில் மீண்டும் சேர்ந்து பட்டம் முடித்தாள், அவள் எழுதிய கடிதத்தின் மாதிரியைக் கேட்டு வாங்கித் தருகிறேன்.